“கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சாமே, டீச்சர்?”



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் ஒரு வளைகாப்பு வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் இருந்த அம்மா கேட்டார்: “டீச்சர், அமெரிக்காவில இருக்கிற உங்க ஸ்டூடண்ட் கம்பெனி மேல கேஸ் போட்டாளே, அது தள்ளுபடி ஆயிடுச்சாமே? போன இடத்தில இதெல்லாம் தேவையா?” வாயில் சோறு இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இதே கேள்வியை இதுவரை நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அவள் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கீழே பெயரைப் போட வேண்டாம். எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் “தள்ளுபடி” என்ற சொல்லுக்கு இரண்டே அர்த்தம். ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் எழுதியிருந்தால் ஓடிப் போய் நிற்போம். கோர்ட் ஆணையில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள். அந்த நினைப்பு அவள் கேஸை உண்மையிலேயே முடித்திருக்கும், இன்னும் பதினைந்து நாள் கவரைப் பிரிக்காமல் வைத்திருந்தால்.

நடந்ததைச் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் பில்லிங் பிரிவில் வேலை பார்த்தாள். கர்ப்பமாக இருப்பதை மார்ச் 6-ம் தேதி ஈமெயிலில் அலுவலகத்துக்குத் தெரிவித்தாள். மார்ச் 28-ம் தேதி வேலை போய்விட்டது. “வேலைத்திறன் போதவில்லை” என்று காரணம் சொன்னார்கள். ஜனவரியில்தான் அவளுக்கு நல்ல மதிப்பீடு கொடுத்துச் சம்பளமும் கூட்டியிருந்தார்கள்.

கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலையை விட்டு எடுப்பது அமெரிக்கச் சட்டப்படி பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டுவதற்குச் சமம். 1964-ம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தில் ஏழாவது தலைப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் 1978-ல் கர்ப்பத்தையும் சேர்த்தார்கள். ஆனால் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. முதலில் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஆணையம் “நீங்கள் வழக்குத் தொடரலாம்” என்று ஒரு கடிதம் கொடுக்கும். அது கைக்கு வந்த 90 நாளுக்குள் கோர்ட்டில் கேஸ் போட்டாக வேண்டும். இந்த 90 நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்று வக்கீல்களைப் பார்த்தாள். ஒருவர் முன்பணம் கேட்டார், அவளால் முடியாத தொகை. மற்ற இருவரும் தொகை சின்னது என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் தானே எழுதி, 405 டாலர் கட்டணம் கட்டி, 84-வது நாள் ஃபெடரல் கோர்ட்டில் கேஸ் போட்டாள். அங்கே வக்கீல் இல்லாமல் தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமை 1789-ல் போட்ட முதல் நீதித்துறைச் சட்டத்திலேயே இருக்கிறது. யாரும் தடுக்க முடியாது.

அடுத்த கார்த்திகை, இங்கே அடைமழை. ராத்திரி பத்தரைக்குப் போன். அழுகை. “டீச்சர், கேஸ் போச்சு. டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க.”

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். முதல் பக்கத்தில் “டிஸ்மிஸ்” என்று பார்த்ததோடு மடித்து வைத்துவிட்டாளாம். அதற்கு முன் அந்தக் கவரையே ஒன்பது நாள் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாளாம், பயத்தில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விடைத்தாளைத் திருத்திக் கொடுத்தால் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுச் சுருட்டிப் பையில் திணிக்கிற பழக்கத்தை இவர்களிடம் முப்பது வருடம் கண்டித்திருக்கிறேன். “முழுசா வாசி, நான் கேக்கிறேன்” என்றேன். ஒன்பது பக்கம். அவள் வாசித்து, புரியும்படி தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டேன்.

நான் வக்கீல் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்தவள், அவ்வளவுதான். ஆனால் ஒன்பதாம் பக்கம் வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஜட்ஜ் செய்திருந்தது நான் பணிக்காலம் முழுக்கச் செய்த வேலை. கட்டுரை நோட்டைத் திருத்தி, எங்கெங்கே குறை என்று எழுதி, “திருத்தி எழுதிக்கொண்டு வா” என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். கடைசி வரி இதுதான்: இந்த ஆணையின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் திருத்திய மனுவைத் தாக்கல் செய்யலாம், செய்யாவிட்டால் வழக்கு அடியோடு முடிக்கப்படும்.

ஆணையின் தேதி நவம்பர் 4. அவள் என்னிடம் பேசிய அன்று 15-ம் நாள்.

ஆணையில் நாலு விஷயம் இருந்தது.

அவள் மனுவில் நிறுவனத்தோடு அந்த மேனேஜர் பெயரையும் எதிர்வாதியாகப் போட்டிருந்தாள். ஏழாவது தலைப்பின்படி பொறுப்பு வேலை கொடுத்த நிறுவனத்துக்குத்தான், மேற்பார்வையாளர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார். அதனால் மேனேஜர் மீதான பகுதி மட்டும் மறுபடி போட முடியாதபடி தள்ளுபடி. நிறுவனத்தின் மீதான பகுதி, மறுபடி போடும் உரிமையோடு தள்ளுபடி. ஒரே ஆணையில் இரண்டு விதமான தள்ளுபடி! ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்கும் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். ஒன்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது, மற்றது சும்மா ஒருக்களித்து வைப்பது.

இரண்டாவது, ஆணையத்துக்குப் போனதும் கடிதம் வாங்கியதும் மனுவில் எங்கேயும் இல்லை. கடிதம் வீட்டில் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவதுதான் முக்கியம். மனு 41 பக்கம். அதில் “பாகுபாடு காட்டினார்கள்” என்பது இருபது தடவைக்கு மேல் வருகிறது. என்றைக்குச் சொன்னாள், யாரிடம் சொன்னாள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது ஒரு தடவைகூட ஒழுங்காக வரவில்லை. முடிவை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள், முடிவுக்கு இட்டுச் செல்லும் உண்மைகளைச் சொல்லவில்லை என்று ஜட்ஜ் எழுதியிருந்தார்.

நாலாவது கொஞ்சம் பாவம். நிறுவனத்தின் வக்கீல்கள் ஜூலையில் “இந்த மனு நிற்காது, தள்ளுங்கள்” என்று கேட்டபோது, இவள் பதறிப்போய்ப் பதில் மனு ஒன்று எழுதியிருக்கிறாள். தேதி, ஈமெயில், மேனேஜர் சொன்ன வார்த்தை எல்லாம் அதில் அழகாக இருக்கிறது. ஆனால் பதில் மனுவில் எழுதுவதால் மூல மனு திருந்தாது. மூல மனுவில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் பார்ப்பேன் என்றுவிட்டார் ஜட்ஜ். உண்மையில் அந்த ஜூலையில், எதிர்த்தரப்பின் மனு வந்த 21 நாளுக்குள், யார் அனுமதியும் கேட்காமல் ஒரு தடவை மனுவையே திருத்திப் போட அவளுக்கு உரிமை இருந்தது. அது ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகளில் 15-வது. அந்த நேரத்தில் அதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. கோர்ட் அலுவலக ஊழியர்கள் படிவம் கொடுப்பார்கள், சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது.

மறுநாளிலிருந்து ஆளுக்கொரு யோசனை. அவள் கணவரின் பெரியப்பா மகன், “மறுபடி போடலாம்னுதானே சொல்லியிருக்கு, அவசரமே இல்ல. குழந்தை கொஞ்சம் வளரட்டும், அடுத்த வருஷம் புதுசாப் போட்டுக்கலாம்” என்றாராம். நல்ல மனிதர், நல்லெண்ணத்தில் சொன்னது. ஆனால் இந்த ஒரு யோசனையைக் கேட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். புதிதாகப் போட்டால் அது புது வழக்கு. அந்த 90 நாள் எப்போதோ முடிந்துவிட்டது. முதல் கேஸ் போட்டதால் அந்தக் கடிகாரம் நின்றுவிடாது, தள்ளுபடி ஆன வழக்கு கெடுவைப் பொறுத்தவரை போடாத வழக்கு மாதிரிதான். ஆனால் கோர்ட் கொடுத்த 30 நாளுக்குள், அதே வழக்கு எண்ணில், திருத்திய மனு போட்டால் வழக்கு தொடர்கிறது. அதே சம்பவத்திலிருந்து எழும் கோரிக்கை முதல் மனுவின் தேதியில் போட்டதாகவே கணக்காகும். புதுக் கட்டணமும் கிடையாது. “மறுபடி போடலாம்” என்பதற்குள் இவ்வளவு பெரிய குழி இருக்கிறது.

இன்னொருவர் “மேல்கோர்ட்டுக்குப் போ” என்றார். திருத்தி எழுத அனுமதி கொடுத்த ஆணை முடிவான ஆணை இல்லை, அதன் மேல் பொதுவாக மேல்முறையீடே போக முடியாது. அவள் கணவர், பாவம், “நீ குழந்தையப் பாரு, நான் எழுதிக் கையெழுத்துப் போடுறேன்” என்றார். அதுவும் முடியாது. தானே வாதாடலாம் என்றால் தனக்குத் தான் மட்டும். வக்கீல் அல்லாதவர் மனைவிக்காகக்கூடக் கையெழுத்துப் போட முடியாது.

“டீச்சர், நீங்க ஒரு மாடல் எழுதிக் குடுங்களேன்” என்று என்னிடம் கேட்டாள். மாட்டேன் என்றேன். அவளுக்கு வருத்தம்தான். அந்தக் கையெழுத்துக்கு அங்கே ஓர் அர்த்தம் இருக்கிறது. “நியாயமாக விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்” என்று கோர்ட்டுக்குக் கொடுக்கும் உறுதி அது. 11-வது விதி. மீறினால் அபராதம் வரை போகலாம். இங்கே உட்கார்ந்துகொண்டு நான் எழுதியதற்கு அவள் எப்படி உறுதி கொடுப்பாள்? கேள்வி கேட்கிறேன், நீ பதில் எழுது என்றேன். எட்டு ராத்திரி அப்படித்தான் போனது.

முதல் வேலை, கோபத்தை வெளியே எடுப்பது. மேனேஜரின் குணத்தைப் பற்றியே ஆறு பக்கம் எழுதியிருந்தாள். அவர் மனைவியோடு சண்டை போடுவாராம், அதுவும் இருந்தது. “இது நீ எழுத வேண்டிய கேள்விக்குப் பதிலா?” என்றேன். இல்லை என்றாள். அடித்தாள். “என் ஆறு வருட உழைப்புக்கு இதுதானா பரிசு” என்று ஒரு பத்தி. நல்ல பத்திதான், எனக்கே கண் கலங்கியது. அதையும் அடிக்கச் சொன்னேன். எட்டாவது விதி சுருக்கமாக, தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. பத்தாவது விதி பத்திகளுக்கு எண் போடச் சொல்கிறது. நாங்கள் ஒரு பத்திக்கு ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டோம்.

அப்புறம் உண்மைகள். “என்னிக்குச் சொன்னே?” “மார்ச்சில, டீச்சர்.” “மார்ச்சில எந்தத் தேதி? எப்படிச் சொன்னே?” ஈமெயிலைத் தேடி எடுத்தாள். மார்ச் 6, காலை 9.40. “அதுக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?” இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டு, “செப்டம்பர்ல பில்லிங் சாஃப்ட்வேர் மாத்துறோம், அப்ப நீ இருக்க மாட்டியே” என்றாராம். “இது உன் 41 பக்கத்தில எங்க இருக்கு?” இல்லை! கேஸின் உயிரே அந்த வார்த்தையில் இருக்கிறது, அவளோ அவருடைய குடும்பச் சண்டையை எழுதியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். “அது சாதாரணமாத்தான் சொன்னாரு டீச்சர், திட்டல” என்றாள். மனதைக் காயப்படுத்தியதை எழுதியிருக்கிறாள், வழக்குக்கு வேண்டியதை விட்டுவிட்டாள். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவோம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி மதிப்பீட்டின் தேதி, சம்பள உயர்வுக் கடிதம், வேலையை விட்டு எடுத்த நாளில் அறையில் யார் யார் இருந்தார்கள், அவள் இடத்தில் யார் வந்தார்கள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அவள் இடத்துக்கு வந்தவர் பற்றி ஒரு தோழி சொல்லித்தான் தெரியும், நேரில் தெரியாது. அதை எழுதலாமா என்று தயங்கினாள். “எனக்குக் கிடைத்த தகவலின்படி இப்படி நம்புகிறேன்” என்று எழுதலாம், அதற்கென்றே அங்கே ஒரு வாசகம் இருக்கிறது. தெரிந்ததைத் தெரியும் என்றும் கேட்டதைக் கேட்டேன் என்றும் எழுதுவது, அவ்வளவுதான்.

ஒரு நாள் “மீதி விவரங்கள் என் முந்தைய மனுவில் உள்ளபடி” என்று எழுதியிருந்தாள். அதையும் மாற்றச் சொன்னேன். திருத்திய மனு தாக்கல் ஆன நிமிடமே பழைய மனு இல்லாமல் போகிறது. புதியது தன்னந்தனியாக நிற்க வேண்டும். ஆணையத்தின் கடிதத்தையும் மறுபடி இணைக்க வேண்டும், கேட்கும் நிவாரணத்தையும் மறுபடி எழுத வேண்டும். ரஃப் நோட்டில் இருந்தது ஃபேர் நோட்டில் விட்டுப்போனால் அதற்கு மார்க் கிடையாது என்று சொன்னதும் சிரித்துவிட்டாள். இத்தனை நாளில் அவள் சிரித்தது அன்றுதான்.

நடுவில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டு ஒரு மனு தயாரித்துக் காட்டினாள். ஆங்கிலம் பிரமாதம். அதில் மூன்று தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. கோர்ட் இணையதளத்தில் தேடிப் பார் என்றேன். மூன்றில் ஒன்றுகூட அகப்படவில்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான கேஸில் இதே மாதிரி இல்லாத தீர்ப்புகளைக் கொடுத்து, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்த வக்கீலுக்கே அந்தக் கதி. இந்த வகை மனுவுக்குத் தீர்ப்பு மேற்கோளே தேவையில்லை, நடந்ததைச் சொன்னால் போதும். கோர்ட்டுகளே வக்கீல் இல்லாதவர்களுக்காக வேலைப் பாகுபாட்டு வழக்குக்கு ஒரு படிவம் வைத்திருக்கின்றன. அதைக் கையில் எடுத்ததும் அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

41 பக்கம் 11 பக்கமானது. 52 பத்தி. டிசம்பர் 4 கெடு. நடுவில் அவர்கள் ஊர் நன்றி நவிலும் நாள் விடுமுறை. தபாலில் அனுப்பிவிடலாமா என்றாள். தபாலில் போட்ட தேதி கணக்கில்லை, கோர்ட் அலுவலகத்தில் போய்ச் சேர்ந்த தேதிதான் கணக்கு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு டிசம்பர் 2-ம் தேதி நேரில் போய்க் கொடுத்துவிட்டு முத்திரை போட்ட பிரதி வாங்கி வந்தாள். முடியவில்லை என்றால் கெடுவுக்கு முன்பே காரணம் சொல்லி அவகாசம் கேட்கலாம், அதற்கு விதி உண்டு. கெடு முடிந்தபின் கேட்பது வேறு கதை.

இதுவரை அவள் செய்த தவறுகளைச் சொன்னேன். இனி அந்த நாட்டுக் கோர்ட்டைப் பற்றியும் எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன்.

பல காலம் அங்கே நிலைமை இவ்வளவு கடுமையாக இல்லை. 1957-ல் உச்ச நீதிமன்றம் கான்லி வழக்கில் சொன்னதன் சாரம், எந்த விதத்திலும் நிரூபிக்கவே வழியில்லை என்று தெளிவாகத் தெரிந்தால் ஒழிய ஆரம்பத்திலேயே மனுவைத் தள்ளாதே என்பது. 2007-ல் ட்வாம்ப்ளி வழக்கிலும், 2009-ல் இக்பால் வழக்கிலும் அது மாறியது. இக்பால் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் பிடித்து அடைக்கப்பட்ட ஒரு பாகிஸ்தானியர். இப்போது மனுவில் உள்ள உண்மைகளை வைத்தே “இது நம்பத்தக்கதாக இருக்கிறதா” என்று ஜட்ஜ் பார்க்கிறார். போதாது என்றால் தள்ளுகிறார்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஆதாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அவளை ஏன் எடுத்தோம் என்று மேனேஜரும் மேலதிகாரியும் எழுதிக்கொண்ட ஈமெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் கட்டம் மனு நின்ற பிறகுதான் வரும். மனு நிற்க உண்மைகள் வேண்டும், உண்மைகள் கிடைக்க மனு நிற்க வேண்டும். பெரிய வக்கீல் அலுவலகம் இதைச் சமாளிக்கும். கைக்குழந்தையோடு இருக்கும் பில்லிங் கிளார்க் எப்படிச் சமாளிப்பாள்?

வக்கீல் இல்லாதவர் எழுதிய மனுவைக் கனிவோடு படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் ஹெய்ன்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது இல்லினாய் சிறையில் இருந்த ஒரு முதியவர் தானே எழுதிய மனு. 2007-ல் அதையே மறுபடி உறுதி செய்தார்கள். நீதிக்குத் தேவைப்படும்போது திருத்த அனுமதியைத் தாராளமாகக் கொடு என்று 15-வது விதியே சொல்கிறது. 1962-ல் ஃபோமன் வழக்கில், வேண்டுமென்றே இழுத்தடிப்பது, கெட்ட எண்ணம், திரும்பத் திரும்பச் சொல்லியும் திருத்தாதது, திருத்தினாலும் பயனில்லாதது போன்ற காரணம் இருந்தால்தான் மறுக்கலாம் என்றார்கள். ஏட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிச்சர்டு போஸ்னர் என்று சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 35 வருடம் இருந்த பிரபலமான நீதிபதி 2017-ல் திடீரென்று ஓய்வு பெற்றார். வக்கீல் இல்லாமல் வருகிறவர்களைத் தன் கோர்ட் நடத்தும் விதம் பிடிக்காததை அதற்கு ஒரு காரணமாக வெளிப்படையாகச் சொன்னார். உள்ளே இருந்தவரே சொன்னது.

என் கட்சி சின்னது. சட்டத்தை மாற்றச் சொல்ல நான் யார்? அந்த ஒன்பது பக்க ஆணையில் கடைசி வரியை முதல் வரியாகப் போட்டிருக்கலாம். “உங்கள் வழக்கு முடியவில்லை. இந்தத் தேதிக்குள் இந்த மூன்று குறைகளைச் சரிசெய்து மறுபடி கொடுங்கள். பழைய மனுவையும் இணைப்புகளையும் நம்பாதீர்கள், எல்லாவற்றையும் புதிதாக எழுதுங்கள்.” நாலு வரி. சில ஜட்ஜுகள் இப்படி எழுதி, வெற்றுப் படிவத்தையும் கூடவே அனுப்புகிறார்களாம். எல்லோரும் செய்தால் என்ன? ஒன்பது பக்கம் யோசித்து எழுதத் தெரிந்தவருக்கு நாலு வரி பாரமா? மாணவனுக்குப் புரியாத கையெழுத்தில் திருத்திவிட்டு “நான் திருத்திவிட்டேன்” என்று சொன்ன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். திருத்தியதென்னவோ உண்மைதான்.

நம் ஊரிலும் இது இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஏழாவது கட்டளை, 11-வது விதிப்படி வழக்குக்கான காரணம் தெரியாத பிராதை நிராகரிக்கலாம். 13-வது விதிப்படி, நிராகரிக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் புதுப் பிராது கொடுக்கத் தடையில்லை. இங்கேயும் காலக்கெடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். வக்கீலாக இருக்கும் என் மாணவர்கள் மூன்று பேர் இதைப் படிப்பார்கள். தப்பிருந்தால் தயங்காமல் திருத்துங்கள், நான் உங்களைத் திருத்தியதற்குப் பதிலாக இருக்கட்டும்.

அப்புறம் என்ன ஆயிற்று? திருத்திய மனு வந்த 14 நாளில் நிறுவனத்தின் வக்கீல்கள் மறுபடியும் “தள்ளுங்கள்” என்று மனு போட்டார்கள். அவளுக்கு மறுபடி வயிற்றைக் கலக்கியது. ஐந்து மாதம் காத்திருந்தாள். மே மாதம் ஆணை வந்தது. இந்தத் தடவை கவரை வாசலிலேயே பிரித்து, கடைசிப் பக்கத்தை முதலில் படித்திருக்கிறாள். அலுவலகச் சூழலே அவமானமாக இருந்தது என்ற கோரிக்கை நிற்கவில்லை. கர்ப்பத்துக்காக வேலையை விட்டு எடுத்தார்கள் என்ற கோரிக்கை நிற்கிறது. 23-வது பத்தியை, அந்தச் செப்டம்பர் பேச்சை, ஜட்ஜ் அப்படியே எடுத்துப் போட்டிருந்தாராம்.

ஜெயித்தாள் என்று சொல்லவில்லை. இனிமேல்தான் இரண்டு தரப்பும் காகிதங்களைக் கொடுத்து வாங்க வேண்டும், சாட்சிகளைக் கேட்க வேண்டும். தோற்கவும் தோற்கலாம். சமரசமாகவும் போகலாம். ஆனால் பந்தியில் என்னைக் கேட்ட அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன், அந்தக் கேஸ் தள்ளுபடி ஆகி முடிந்துபோகவில்லை. அது நடந்துகொண்டிருக்கிறது.

அவளுக்குப் போன் செய்கிறவர்கள் நம் நேரம் காலை ஏழு மணிக்கு மேல் செய்யுங்கள், அங்கே அப்போதுதான் குழந்தை தூங்கியிருக்கும். கேஸ் பற்றிக் கேட்க வேண்டாம், அதைப் பேசிப் பேசி அவளுக்கு அலுத்துவிட்டது. குழந்தைக்கு எட்டுப் பல் முளைத்திருக்கிறது, அதைக் கேளுங்கள்.